காவல் நிலையமும் ஊரும் ஒரே மேஜையில்: சமூக ஆலோசனைக் குழு எப்படி இயங்குகிறது?

செயின் பறிப்பு எந்தச் சந்தில் நடக்கும் என்பது அந்தத் தெருவில் பூ விற்கிற அம்மாவுக்குத் தெரியும். ஸ்டேஷனில் இருக்கும் இன்ஸ்பெக்டருக்கு அது தெரியவர, யாராவது ஒருவர் நகையைப் பறிகொடுத்துவிட்டு வந்து புகார் எழுதித்தர வேண்டியிருக்கிறது. ரோந்து வண்டி ஏன் பெரிய தெருவிலேயே சுற்றுகிறது என்பதற்கு இன்ஸ்பெக்டரிடமும் ஒரு காரணம் இருக்கும். அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. இந்த இரண்டு பேரையும் மாதம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்காரவைக்கும் ஏற்பாட்டைத்தான் காவல்துறையின் சமூக ஆலோசனைக் குழு என்கிறோம்.

கேரளத்தில் இதற்கு ஜனமைத்ரி சுரக்ஷா சமிதி என்று பெயர். மும்பையிலும் அதன் அருகிலுள்ள பிவண்டியிலும் மொகல்லா கமிட்டி. லண்டனில் சுயேச்சையான ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. சிகாகோவில் காவல் மாவட்டக் கவுன்சில்கள். பெயரும் சட்டமும் இடத்துக்கு இடம் மாறினாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். ஊரின் கவலையைப் போலீஸ் காதில் போடுவது, போலீஸ் என்ன செய்யப்போகிறது என்பதை முன்கூட்டியே கேட்டு அது சரிப்பட்டு வருமா என்று சொல்வது, போன மாதம் சொன்னது என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்பது. பொதுவாக அதற்கு மேல் அதிகாரம் கிடையாது. யாரையும் கைது செய்ய முடியாது, விசாரிக்க முடியாது, வழக்குக் கோப்பைப் பிரித்துப் பார்க்க முடியாது.

அதிகாரமே இல்லாத குழுவால் என்ன பயன்? நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த பதில் இது: அதிகாரம் இல்லாதவரைதான் அந்தக் குழுவால் ஊருக்குப் பயன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பக்கத்து மாநிலத்தில்

நமக்கு மிக அருகில் இருக்கிற முழுமையான உதாரணம் கேரளம். நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2008-ல் 20 காவல் நிலையங்களில் ஜனமைத்ரி திட்டம் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 2011-ல் வந்த கேரள காவல் சட்டத்தின் 64-வது பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் மக்கள் பங்குபெறும் ஒரு தொடர்புக் குழு இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டது. இது முக்கியம். ஒரு நல்ல எஸ்.பி. வந்து தொடங்கிய குழு, அவர் மாற்றலாகிப் போனதும் படுத்துவிடும். சட்டத்தில் இருந்தால், அடுத்து வருகிறவரிடமும் ‘குழு எங்கே சார்?’ என்று கேட்கலாம்.

அங்கே ஏற்பாடு இரண்டு அடுக்காக இருக்கிறது. கீழே பீட் போலீஸ்காரர். ஏறக்குறைய 500 வீடுகளுக்கு ஒருவர் என்பது தொடக்கக் கால வழிகாட்டுதல். அவர் வீடு வீடாக நடந்து போய், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரையாவது பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். மேலே சமிதி. ஆசிரியர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், வார்டு உறுப்பினர்கள், வியாபாரிகள், குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள் என்று பல தரப்பினர். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் இடம் தர வேண்டும். குற்றப் பின்னணி உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது.

பீட் போலீஸ்காரர் இல்லாமல் சமிதி மட்டும் இருந்தால் அது வெறும் பேச்சுக் கூட்டமாகப் போய்விடும். கூட்டத்தில் ஒருவர் சொல்வது உண்மைதானா, மற்ற வீடுகளிலும் அதே கவலை இருக்கிறதா என்று தெருவில் நடக்கிற ஒருவரால்தான் சரிபார்க்க முடியும். சமிதி இல்லாமல் பீட் மட்டும் இருந்தால், போலீஸ் மக்களைத் தெரிந்துகொள்ளும். மக்கள் போலீஸைக் கேள்வி கேட்க இடமே இருக்காது.

கேரளத்திலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2018-ல் வராப்புழாவில் காவலில் எடுக்கப்பட்ட ஒரு இளைஞர் அடிபட்டு இறந்தார். வாசலில் ‘ஜனமைத்ரி’ பலகை மாட்டுவதால் லாக்கப்புக்குள் நடப்பது தானாக மாறிவிடாது. இந்தக் குழுக்களுக்கு எட்டாத இடம் அது. அந்தப் பகுதிக்கு வேறு பாதுகாப்புகள் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு கூட்டம் எப்படி நடக்கும்?

ஒரு சின்ன நகரத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஸ்டேஷன் மாடியில் கூட்டம். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்திருக்கும் அக்கா பேசுகிறார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக சாயங்காலம் டியூஷன் போகும் பெண் பிள்ளைகளை பைக்கில் வரும் இரண்டு பேர் தொந்தரவு செய்கிறார்கள்.

“அப்படி ஒரு புகாரே வரலையேம்மா” என்கிறார் இன்ஸ்பெக்டர். அவர் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் ஒன்றுமே இல்லை.

“புகார் கொடுத்தா வீட்ல டியூஷனுக்கே அனுப்ப மாட்டாங்க சார். அதான் எந்தப் பொண்ணும் வாயத் திறக்கல.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் குழு என்ற ஏற்பாடே. புகார் வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் எஃப்.ஐ.ஆரும் நடந்து முடிந்த குற்றத்தை, அதுவும் யாராவது துணிந்து வந்து சொன்னால்தான் பதிவு செய்யும். பயத்தால் வராமல் போகிறவர்களைப் பற்றி அந்தக் காகிதங்களில் ஒரு வரிகூட இருக்காது. புகார் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு அந்தச் சந்து ஊரிலேயே அமைதியான இடமாகத் தெரியும்.

பேச்சு தொடர்கிறது. அந்தச் சந்தில் விளக்கு எரிந்து பல வாரம் ஆயிற்று என்கிறார் முனைக் கடைக்காரர். நகராட்சியில் சொல்லியிருக்கிறேன் என்கிறார் கவுன்சிலர். மாலை ஷிப்டில் இருப்பது ஒரே ஒரு பைக் ரோந்து, அதுவும் ஆறு மணிக்கு மேல் பேருந்து நிலையக் கூட்டத்தைப் பார்க்கப் போய்விடுகிறது என்கிறார் இன்ஸ்பெக்டர். ஊர்க்காரர்களுக்கு இது புதுச் செய்தி. போலீஸ் வேண்டுமென்றே அந்தப் பக்கம் வருவதில்லை என்று நினைத்திருந்தார்கள். ஆளே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அப்புறம் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். டியூஷன் விடும் நேரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு பெண் காவலர் அந்தச் சந்தில் நிற்பார். விளக்குக்குக் கவுன்சிலர் பொறுப்பு.

இதை மினிட்ஸ் நோட்டில் எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் குழுவின் உயிர் இருக்கிறது. ‘பெண்கள் பாதுகாப்பு குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினால் அந்தக் கூட்டம் நடந்ததும் ஒன்றுதான், நடக்காததும் ஒன்றுதான். ‘பேருந்து நிலையப் பின்சந்து, மாலை 6 முதல் 8 வரை ஒரு பெண் காவலர், இரண்டு வாரம், பொறுப்பு எஸ்.ஐ.; தெருவிளக்கு, பொறுப்பு கவுன்சிலர்; இரண்டுக்கும் அடுத்த கூட்டத்தில் பதில்’ என்று எழுதினால் அடுத்த மாதம் யாரும் தப்பிக்க முடியாது. அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாக இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். பல ஊர்களில் குழுக்கள் செத்துப்போவது சண்டையால் அல்ல. முந்தைய பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்காததால்.

இதே கூட்டத்தில் இன்னொன்றும் நடக்கலாம். யாராவது ஒருவர், “எல்லாம் அந்தக் காலனிப் பசங்கதான் சார்” என்பார். அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்த வேண்டும். ஒரு தெருவையோ சாதியையோ மொத்தமாகக் குற்றவாளி ஆக்க இந்த மேஜை இல்லை. ஒரு ஆளைப் பற்றி உருப்படியான தகவல் இருந்தால் தனியே, முறைப்படி கொடுக்கட்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாத குழு, ஊரில் ஏற்கெனவே செல்வாக்கு உள்ளவர்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்கள் மேல் போலீஸை ஏவிவிடும் வழியாக மாறிவிடும். தமிழ்நாட்டு ஊர்களின் அமைப்பு தெரிந்த எவருக்கும் இந்தப் பயம் இருக்க வேண்டும்.

முன்பா, பின்பா

குழு உண்மையானதா, பெயருக்கா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும். போலீஸ் தன் திட்டத்தைக் குழுவிடம் எப்போது சொல்கிறது? செய்வதற்கு முன்பா, செய்து முடித்த பின்பா?

1981 ஏப்ரலில் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில் வழிப்பறியைக் கட்டுப்படுத்த ‘ஸ்வாம்ப் 81’ என்று ஒரு நடவடிக்கை தொடங்கினார்கள். சாதாரண உடையில் போலீஸ் தெருவில் இறங்கியது. சில நாட்களுக்குள் 943 பேரை நிறுத்திச் சோதனை போட்டார்கள். கைதானவர்கள் 118 பேர். அதாவது, நிறுத்தப்பட்ட எட்டுப் பேரில் ஏழு பேர் ஒன்றும் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள். கரீபியக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த பகுதி அது. அவமானப்பட்டதில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள். இந்த நடவடிக்கையைப் பற்றி உள்ளூர்ப் பிரமுகர்களிடம் முன்கூட்டியே யாரும் பேசவில்லை. அந்தத் தெருக்களில் தினமும் நடந்துகொண்டிருந்த பீட் போலீஸ்காரர்களுக்கே சொல்லவில்லை. ஊருக்கும் போலீஸுக்கும் இடையே இருந்த தொடர்புக் குழு 1979-லேயே மனக்கசப்பில் உடைந்துபோயிருந்தது. ஏப்ரல் 10 முதல் 12 வரை பிரிக்ஸ்டன் எரிந்தது. நூற்றுக்கணக்கான போலீஸார் காயமடைந்தார்கள்.

விசாரித்த நீதிபதி ஸ்கார்மன் பிரபு அந்த ஆண்டு நவம்பரில் அறிக்கை கொடுத்தார். மக்களைக் கலந்தாலோசிப்பதை போலீஸின் விருப்பத்துக்கு விடக் கூடாது, சட்டமாக்க வேண்டும் என்றார். 1984-ன் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தில் 106-வது பிரிவாக அது வந்தது. அதோடு முடிந்துவிடவில்லை. 1993-ல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இனவெறியர்களால் கொல்லப்பட்ட வழக்கை லண்டன் போலீஸ் சொதப்பியது. 1999-ல் வந்த மக்ஃபர்சன் அறிக்கை, துறைக்குள்ளேயே ஊறிப்போன இனவெறி இருப்பதாகச் சொன்னது. சுயேச்சையான ஆலோசனைக் குழுக்கள் வலுப்பெற்றது அதற்குப் பிறகுதான். இன்று ஒரு பகுதியில் பதற்றமான ஒரு கொலை நடந்தால், அதிகாரிகள் இந்தக் குழு உறுப்பினர்களைக் கூப்பிட்டுப் பேசுவது வழக்கம். குடும்பத்திடம் என்ன சொல்லலாம், பத்திரிகைக் குறிப்பில் எந்த வார்த்தை புண்படுத்தும், இந்த நேரத்தில் அந்தத் தெருவில் சோதனை போட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்பார்கள். முடிவு போலீஸுடையதுதான். ஆனால் ‘எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே’ என்று பிறகு கைவிரிக்க முடியாது.

நம் நாட்டு உதாரணம் பிவண்டி. விசைத்தறி நகரம், இந்துக்களும் முஸ்லிம்களும் நெருங்கி வாழ்கிற ஊர். 1984 மே மாதம் அங்கே தொடங்கிய கலவரம் மும்பை வரை பரவி இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. 1988-ல் அங்கே துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்படே, மொகல்லா, அதாவது குடியிருப்புப் பகுதி, வாரியாகக் குழுக்கள் அமைத்தார். இரண்டு சமூகத்திலிருந்தும் சம அளவில் ஆட்கள். மதத் தலைவர்களையும் கட்சித் தலைவர்களையும் விட, தெருவில் வாழ்கிற சாதாரண மனிதர்கள். கூட்டத்தை நடத்துவது ஒரு எஸ்.ஐ. கலவரம் வந்தபின் கூட்டுகிற அமைதிக் குழுவாக இதை அவர் நினைக்கவில்லை. தண்ணீர்க் குழாய்ச் சண்டை, வீட்டுத் தகராறு என்று சாதாரண நாட்களிலேயே கூடிக் கூடிப் பழகினார்கள். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதன்பின் நடந்த கலவரங்களில் மும்பையில் இறந்தவர்கள் 900 பேர் என்கிறது ஸ்ரீகிருஷ்ணா ஆணையம். பிவண்டி அமைதியாக இருந்தது.

வதந்தி எப்படிப் பரவும் என்று யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். ‘பக்கத்து மொகல்லாவில் வெட்டிவிட்டார்களாம்’ என்று யாரோ சொல்லும்போது, அந்த மொகல்லாவில் மாதாமாதம் எதிரில் உட்கார்ந்து டீ குடித்த ஒருவர் இருந்தால் அவரிடம் கேட்டுவிடலாம். போலீஸுக்கும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும்.

அதே பிவண்டியில் 2006 ஜூலையில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கப்ரஸ்தானுக்கு (முஸ்லிம்களின் அடக்கஸ்தலம்) சொந்தம் என்று மக்கள் உரிமை கோரிய இடத்தில் காவல் நிலையம் கட்டப்போனதில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேரும், கும்பல் தாக்கியதில் இரண்டு காவலர்களும் இறந்தார்கள். ஒரு முறை வேலை செய்த குழு என்றைக்கும் வேலை செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்த உறவை ஒவ்வொரு மாதமும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

லத்தி கைக்கு வந்தால்

இனி நம் கதை. 1993-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் அப்போதைய எஸ்.பி. பிரதீப் வி. பிலிப் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்க விரிந்தது. போலீஸுக்கும் மக்களுக்கும் நடுவே பாலமாக இருப்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தன்னார்வலர்கள் ஆலோசனை சொல்வதோடு நிற்கவில்லை. இரவு ரோந்து போனார்கள், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள், வாகனச் சோதனையில் உடன் நின்றார்கள். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் ஸ்டேஷனுக்கு இது பெரிய உதவி. ஆனால் வழியில் நிறுத்தப்படுகிறவருக்கு, கை நீட்டுகிறவர் யார் என்றே தெரியாது. போலீஸ்காரர் தவறு செய்தால் துறை நடவடிக்கை, இடைநீக்கம் என்று எதாவது இருக்கிறது. தன்னார்வலர் தவறு செய்தால் யாரைக் கேட்பது?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை விவகாரத்தில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தார்கள். அந்த இரவில் ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் ஆட்களும் இருந்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு அதை மறுத்தது. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றவர்கள் போலீஸ்காரர்கள்தான். ஆனால் மக்களிடம் எழுந்த கோபத்தில் தமிழக அரசு அடுத்த மாதமே அந்த அமைப்புக்குத் தடை போட்டது.

அந்தத் தடை சரி என்றுதான் நான் நினைக்கிறேன். கூடவே ஒரு வருத்தமும் உண்டு. தடையோடு விஷயம் முடிந்துவிட்டது. போலீஸுக்கு உதவியாள் வேண்டாம், போலீஸிடம் பேச ஒரு மேஜை வேண்டும் என்ற வித்தியாசத்தை யாரும் உரக்கப் பேசவில்லை. ரோந்து போகிறவர் மெல்ல மெல்ல போலீஸின் கண்ணால் ஊரைப் பார்க்கத் தொடங்குகிறார். ஆலோசனைக் குழுவில் இருப்பவர் ஊரின் கண்ணால் போலீஸைப் பார்க்க வேண்டியவர். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது.

யார் உட்கார்வது?

பெரும்பாலான இடங்களில் உறுப்பினர்களைப் போலீஸேதான் தேர்ந்தெடுக்கிறது. பெரிய பலவீனம் இதுதான். இன்ஸ்பெக்டருக்குப் பிடித்த நகைக்கடைக்காரர், அரிமா சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று பட்டியல் போட்டால் கூட்டம் இனிமையாக நடக்கும். ஸ்டேஷன் பக்கம் போகவே பயப்படுகிறவரின் குரல் அங்கே இருக்காது. சிகாகோ இதற்கு வேறு வழி பிடித்தது. 2021-ல் நகரச் சட்டம் கொண்டுவந்து, 2023 பிப்ரவரியில் தேர்தலே நடத்தினார்கள். 22 காவல் மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த மூன்று பேர், மாதம் ஒரு பொதுக்கூட்டம். இந்தியாவில் இப்போதைக்கு அது நடக்காது. ஆனால் பட்டியலை முன்கூட்டியே ஒட்டி ஆட்சேபம் கேட்கலாம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆட்களை மாற்றலாம். காலனியிலிருந்து, மீனவர் குப்பத்திலிருந்து, ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து, வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் பகுதியிலிருந்து ஒருவர் கட்டாயம் என்று வைக்கலாம். திருவிழாவுக்கு முன் தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ கூட்டுகிற அமைதிப் பேச்சுவார்த்தையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே இரு தரப்பும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும். இது வருடம் முழுக்க நடப்பது.

போலீஸ் அடித்தது, லஞ்சம் கேட்டது போன்ற புகார்களுக்குக் குழு சரியான இடம் இல்லை. மாவட்ட எஸ்.பி., மாநில மனித உரிமை ஆணையம், நீதிமன்றம் என்று அவற்றுக்குத் தனி வழி உண்டு. போலீஸ் மீதான புகார்களுக்கென்றே மாநில, மாவட்ட அளவில் தனி ஆணையம் வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லாக்கப்புக்குள் நடப்பதைப் பார்க்க, இங்கிலாந்தில் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த தன்னார்வலர்கள் இருவர் இருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டேஷனுக்குப் போய் காவலில் இருப்பவர்களைச் சந்திக்கும் முறை இருக்கிறது. அதற்கும் விதை போட்டது ஸ்கார்மன் அறிக்கைதான். நம் ஊரில் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைக்க 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டார்.

உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர் நாளைக்கு உங்களை இப்படி ஒரு குழுவில் சேரக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். போகும்போது சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவை அமைத்த எழுத்துப்பூர்வ ஆணை யாருடையது, எவ்வளவு காலத்துக்கு, மினிட்ஸை யார் எழுதுவார்கள், அதை ஊர் பார்க்க முடியுமா? ரோந்துக்கு வாருங்கள் என்றால் மறுத்துவிடுங்கள். போலீஸ் முத்திரை போட்ட அடையாள அட்டையோ பனியனோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முக்கியமாக, பொருள் பறிமுதல் செய்யும்போது அங்கேயே எழுதும் பதிவான மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி அடிக்கடி கூப்பிடுவார்கள். நீங்கள் நேரில் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே ஆள் பல வழக்குகளில் சாட்சியாக வந்தால் நீதிமன்றம் அவரை நம்பாது, ஊரும் நம்பாது.

குழுவே இல்லாத ஊர் என்றால், எஸ்.பி. அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில், பல மாவட்டங்களில் அது புதன்கிழமை, ஐந்தாறு தெருக்காரர்கள் சேர்ந்து மனு கொடுக்கலாம். மாதம் ஒருமுறை இன்ஸ்பெக்டர் எங்களோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், பேசியதை எழுதிவைக்க வேண்டும், அடுத்த முறை அதைப் படிக்க வேண்டும். மனுவில் இந்த மூன்றே கோரிக்கை போதும். முதல் கூட்டத்துக்குப் போகும்போது, ஸ்டேஷன் வாசலை இதுவரை மிதிக்காத ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.